சும்மா நின்ற ஆள்

என் வீட்டுக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனதற்கு ஃபோர்க்லிஃப்ட் காரணம். அந்தக் கால் வேலை பார்க்கும்போது போகவில்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்ததற்கு அவருடைய வாய் காரணம். இரண்டில் எதன்மேல் எனக்குக் கோபம் அதிகம் என்று கேட்டால், வாய்மேல்தான் என்பேன். மெஷினுக்கு மூளை கிடையாது, போனால் போகட்டும் என்று விடலாம்.

அவர் பெயர் பூமிநாதன். அடிபடுவதற்கு முன்பு நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் காலை முறித்தவர். பெயருக்குத் தகுந்த கனம்தான் என்று என் சித்தப்பா சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்போடுதான் சம்மதித்தேன். பதினான்கு வருடமாகிறது. காரைக்கால் பக்கம் பூவத்தில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன்.

பூவத்திலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் போனால் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனி இருக்கிறது. அடிபடுவதற்கு மூன்று வருடத்துக்கு முன்பு காண்ட்ராக்டில் அங்கே மூட்டை தூக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு மூட்டை தூக்கினால் என்ன ஆகும்? ஒரு மாதம் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து குப்புற விழுந்தார். அதற்குப் பிறகுதான் சூப்பர்வைசர் சிவக்குமாரின் கண் அவர்மேல் பட்டது. "உன் ஒடம்புக்கு நம்மகிட்ட வேற வேலை இருக்குய்யா" என்றானாம்.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். குடோனில் இருக்கும் ஃபோர்க்லிஃப்ட் இரண்டு டன்தான் தூக்கும். லாரியில் வரும் புண்ணாக்கு ஜம்போ பை ஒன்று ஆயிரத்து நூறு கிலோ. ஒவ்வொரு பையாக இறக்கினால் லாரி காத்துக் கிடக்கும் என்று ஒரே பலகையில் இரண்டு பையை வைத்துத் தூக்குவார்கள். முன்னால் கனம் கூடிப்போனால் மெஷினின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். எழும்பாமல் இருக்க ஒரு கனமான ஆளைப் பின்பக்கம் ஏற்றி நிறுத்துவார்கள். அதுதான் அவருக்குக் கிடைத்த வேலை.

மூட்டை தூக்க வேண்டாம், சாக்கு தைக்க வேண்டாம், கூட்டிப் பெருக்க வேண்டாம், ஏறிச் சும்மா நின்றால் போதும். யாரோ கேலிக்குச் சொல்லப்போய், குடோனில் அதற்குப் பெயரே 'சும்மா நிக்கிறது' என்று ஆகிவிட்டது. லாரி வந்து நின்றால், "சும்மா நிக்கிற ஆளக் கூப்புடு" என்று சத்தம் வரும். இவர் போவார். அவருக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. சின்ன வயதிலிருந்து உடம்பைச் சொல்லிக் கேலி செய்த ஊரில், அந்த உடம்புக்காகவே ஒரு வேலை கிடைத்திருக்கிறது அல்லவா! சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நானே கேட்பேன். "என்னங்க, இன்னைக்கு எத்தன லாரிக்குச் சும்மா நின்னீங்க?" என்று கேட்டுச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அது நடந்தது. இரண்டு ஜம்போ பையைத் தூக்கிக்கொண்டு குடோன் வாசல் சரிவில் ஏறும்போது, சிமெண்டு பெயர்ந்திருந்த ஒரு குழியில் முன்சக்கரம் இறங்கியிருக்கிறது. ஒரு பை சரிந்து கீழே விழுந்திருக்கிறது. கனம் போனதும், ஒரு சாண் உயரத்தில் தூக்கிக்கொண்டிருந்த பின்பக்கம் தடாலென்று தரையில் இறங்கியது. அந்த அடியில் இவர் கைப்பிடி நழுவிக் கீழே விழ, மெஷின் பின்னுக்கு உருண்டு வந்து கால்மேல் ஏறி நின்றுவிட்டது.

ஓட்டியவன் மாறன். வரிச்சிக்குடிப் பையன், முப்பது வயது ஆகவில்லை. இவரை அண்ணே என்பான், என்னை அண்ணி என்பான், எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான். எனக்குப் போன் பண்ணியதும் அவன்தான். "அண்ணி, காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையில், தஞ்சாவூருக்கு அனுப்புவதற்கு முன்பு, ஒரு போலீஸ்காரர் வாக்குமூலம் எழுத வந்தார். சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன்மையான மனிதர்தான். சூப்பர்வைசர் சிவக்குமார் ஒரு பை சாத்துக்குடியோடு தலைமாட்டில் நின்றான். நான் கால்மாட்டில் நின்றேன்.

"அடிபட்டப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"சும்மா நின்னேன் சார்" என்றார் இவர்.

"சும்மாவா?"

"ஆமா சார். எப்பவும்போலச் சும்மாதான் நின்னேன்."

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வாத்தியாரைக் கேட்டால் பாடம் எடுத்தேன் என்பார், டிரைவரைக் கேட்டால் வண்டி ஓட்டினேன் என்பார். இவர் சும்மா நின்றார். மூன்று வருடமாக எங்கள் காதில் அது வேலையின் பெயர். போலீஸ்காரருக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்தவன் ஒருவன் அங்கே நின்றான். சிவக்குமார் அந்தப் பேனாவையே பார்த்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் சாத்துக்குடி ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். அந்தச் சாத்துக்குடியை நானும் தின்றேன்.

'பணி ஏதுமின்றி, வாகனத்தின் அருகில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது' என்று எழுதியிருந்தார்கள். வேகமாகப் படித்துக் காட்டினார்கள், எனக்கு அது காதில் ஏறவில்லை. இவர் ஊசி மயக்கத்தில் இருந்தார். கையெழுத்துப் போடச் சொன்னதும் போட்டுவிட்டார்.

தஞ்சாவூரில் காலை எடுத்தார்கள். ஒரு முறை எடுத்தது ஆறவில்லை என்று இன்னும் கொஞ்சம் மேலே எடுத்தார்கள். இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு காண்ட்ராக்டர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். யாரோ சொல்லி, இலவச சட்ட உதவியில் பிரதீபா என்ற வக்கீல் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். அவர் காரைக்கால் தொழிலாளர் அலுவலகத்தில் மனுப் போட்டார். ஐப்பசி கடைசியில் கம்பெனியின் பதில் வந்தது. பிரதீபா அதை எனக்குப் படித்துக் காட்டினார்.

மேற்படி நபர் சாக்குத் தைக்கும் பணியாளர். சம்பவத்தன்று தன் பணியிடத்தை விட்டு, அனுமதியின்றி வாகனப் பகுதிக்கு வந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். இதை அவரே காவல்துறையிடம் ஒப்புக்கொண்டுள்ளார். எனவே இது பணியின்போது நேர்ந்த விபத்து ஆகாது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சாக்குத் தைக்கிறவரா! சட்டைப் பொத்தான் அறுந்தால் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிற மனிதர். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் அரை நாள் ஆகும். அடுத்த நிமிடம், இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

"அக்கா, வேலையில இருந்தப்ப அடிபட்டாருன்னு நிரூபிச்சாத்தான் எல்லாம்" என்றார் பிரதீபா. "ஆபரேஷன் செலவு, செயற்கைக் கால், நஷ்டஈடு எதுவா இருந்தாலும் அந்த ஒண்ணுலதான் நிக்குது. இல்லன்னா ஒண்ணுமே கெடையாது. பாத்த சாட்சி யாராவது இருக்காங்களா?"

குடோனில் கேமரா உண்டு. அன்றைக்கு அது வேலை செய்யவில்லையாம். லாரியில் சுமை இறக்கிக்கொண்டிருந்த பீகார்க்காரர்கள் நாலு பேரை அடுத்த வாரமே வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது இரண்டு பேர். சிவக்குமார், மாறன்.

இவர் ஆஸ்பத்திரியில் இருந்த முதல் வாரம் மாறன் தினமும் வந்தான். பிறகு வரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வரிச்சிக்குடியில் அவன் வீட்டுக்கே போனேன். வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த குழாயைக் கீழே போட்டான்.

"வாங்கண்ணி" என்றான். வீட்டுக்குள் கூப்பிடவில்லை.

"நீ வந்து நடந்ததச் சொல்லணும் மாறா. வேற ஒண்ணும் வேணாம். நடந்ததச் சொன்னாப் போதும்."

அவன் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் எழுதிக் குடுத்துட்டேன் அண்ணி."

"என்னன்னு?"

"அண்ணன் பக்கத்துல வந்து நின்னத நான் கவனிக்கலன்னு." அவன் குரல் கீழே போனது. "எனக்குக் காரு ஓட்டத்தான் லைசென்ஸு இருக்கு. இந்த மெஷினுக்குக் கெடையாது. அங்கயே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. ஆள ஏத்திக்கிட்டு ஓட்டுனன்னு தெரிஞ்சா கேஸு உம்மேலதான், உள்ள போயிருவன்னு சூப்பர்வைசரு சொல்லிட்டாரு. எங்கம்மாவுக்கு என்னைய விட்டா யாருமில்லண்ணி."

"எங்களுக்கு மட்டும் ஊரே இருக்கா?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். என் கையால் தின்ற சோறு உன் வயிற்றில் செரிக்குமா என்றேன். அவர் விழுந்த இடத்தில் நீ விழுந்திருக்க வேண்டும் என்றேன். இன்னும் சொன்னேன், அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் தலை நிமிரவே இல்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன ஏன் போயி ஏசுன?" என்றார்.

"ஏசாம? கொஞ்சுவாங்களா?"

"செல்வி, நான் சக்கரத்துக்கு அடியில கெடந்தப்ப சிவக்குமாரு மொதல்ல என்ன பண்ணான் தெரியுமா? செல்ல எடுத்துப் போட்டோ புடிச்சான். மாறன்தான் மெஷின முன்னுக்கு நவுத்திட்டு குதிச்சு வந்து சட்டையக் கழட்டி என் தொடையில இறுக்கிக் கட்டுனான். குட்டி யானை வண்டியில பத்து கிலோமீட்டரு என் தலைய மடியில வச்சுக்கிட்டு, தூங்கிராதண்ணே தூங்கிராதண்ணேன்னு சொல்லிக்கிட்டே வந்தான். நான் உசுரோட இருக்கேன்னா அவன்தான்."

"அவன்தான் இப்ப பொய் எழுதிக் குடுத்திருக்கான்."

"பயந்துட்டான். வெசாரணையில அவன் பேர நான் சொல்ல மாட்டேன். என்னைய ஏத்துனது அவன்னு என் வாயால வராது. அவனாச் சொன்னாச் சொல்லட்டும்."

நான் தையல் மெஷின்மேல் இருந்த கத்தரிக்கோலை எடுத்துச் சுவரில் எறிந்தேன். கால் போன பிறகும் இந்த மனிதருக்குத் தன்மானத்தைப் பார், தாராளத்தைப் பார்! "அப்ப என்னதான் சொல்லப்போறீங்க?" என்று கத்தினேன்.

"நின்னேன்னு சொல்றேன். நின்னதுதானே நெசம்" என்றார்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. ஆட்டோ வைத்து அவரைக் கூட்டிப்போனேன். வேட்டியின் இடது பக்கத்தை நானே மடித்து ஊக்குக் குத்தி விட்டேன். எதிரே கம்பெனி வக்கீல், புதுச் சட்டையில் சிவக்குமார், அவனுக்குப் பக்கத்தில் கம்பெனித் தரப்புச் சாட்சியாக மாறன். மாறன் எங்களைப் பார்க்கவில்லை.

அதிகாரியின் பெயர் மதிவதனி. ஐம்பது வயது இருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தைப் படித்துவிட்டு இவரைப் பார்த்து, "அன்னைக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"சும்மா நின்னேன் மேடம்."

எனக்கு உயிரே போய்விட்டது. கம்பெனி வக்கீல் சிரித்தார். "நாங்க வேற என்ன மேடம் சொல்லியிருக்கோம்? அவரே சொல்றாரு."

பிரதீபா எழுந்தார். "மேடம், அந்தக் குடோன்ல சும்மா நிக்கிறதுங்கறது ஒரு வேலை."

"எந்த அகராதியிலம்மா?" என்றார் வக்கீல்.

அதிகாரி கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். "எங்க நின்னீங்க?"

"மெஷின் பின்னாடி மேடம். பின்னாடின்னா தரையில இல்ல, மேல. ஏறி நின்னேன்."

"எதுக்கு?"

"வெயிட்டுக்கு மேடம்."

"பொய் மேடம்" என்று சிவக்குமார் எழுந்தான். "மெஷின்ல ஆளு ஏறவே கூடாது. அங்க போர்டே மாட்டியிருக்கோம்." ஒரு போட்டோவை நீட்டினான். மஞ்சள் பெயிண்ட் அடித்த போர்டு, ஒரு தூசிகூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

அதிகாரி அதை வாங்கி வைத்துக்கொண்டார். மாறனைப் பார்த்தார். "நீங்க பாக்கலன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்" என்றான். அவன் குரலே கேட்கவில்லை. சிவக்குமார் அவன் முழங்கால்மேல் கையை வைத்திருந்தான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஏறி நின்னேங்கறீங்களே, எப்புடி நிக்க முடியும்? காட்டுங்க பாப்போம்."

இவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். தாங்குகட்டையில் ஜன்னல் வரைக்கும் போனார். இரண்டு கட்டைகளையும் என்னிடம் கொடுத்தார். வேண்டாம் என்றேன். அதற்குள் ஜன்னல் கம்பி இரண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, முதுகைப் பின்னுக்குச் சாய்த்தார். அறையில் இருந்த எல்லோருக்கும் அவர் முதுகுதான் தெரிந்தது.

"இப்புடித்தான் மேடம். முன்னாடி லோடு மறைச்சிரும், எனக்கு ஒண்ணும் தெரியாது. ஓட்டுறவன் 'சாயி'ன்னா சாய்வேன். லோடு தரையில ஒக்காந்ததும் 'எறங்கு'ம்பான். அது வரைக்கும் எறங்கக் கூடாது. நான் பாட்டுக்கு எறங்கிட்டா மெஷின் முன்னாடி குப்புற அடிச்சிரும். ஓட்டுறவன் உசுரு போயிரும்."

எனக்கே அன்றைக்குத்தான் அது தெரியும். மூன்று வருடமாக எத்தனை லாரிக்குச் சும்மா நின்றீர்கள் என்று கேட்டுச் சிரித்தேனே, ஒரு நாளாவது இதைச் சொன்னாரா?

"சரி, பாத்துட்டேன். வந்து ஒக்காருங்க" என்றார் அதிகாரி.

இவர் அசையவில்லை. "அவன் சொல்லலியே மேடம்."

"என்னது?"

"ஓட்டுறவன் எறங்குன்னு சொல்லல."

அது பிடிவாதமா, பழக்கமா, எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியாது. யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. திரும்பி யாரையும் பார்க்கவும் இல்லை. கம்பெனி வக்கீல் எழுந்து, "மேடம், இது விசாரணையா, நாடகமா?" என்றார். அதிகாரி மாறனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் காலில் நடுக்கம் கண்டது. முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், பிறகு மடித்துக் குத்திய வேட்டியும் சேர்ந்து ஆடியது. கால் போயும் அவர் கனம் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது, அத்தனையும் ஒரே காலில். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்துவிட்டது. நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தேன். "தொடாத செல்வி" என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசியதே கிடையாது. கையை எடுத்துக்கொண்டேன். விழுந்தால் ஆறாத புண்ணின்மேல்தான் விழுவார். எனக்கு அழுகை வந்தது. இந்த வழக்கும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வந்து உட்காருங்கள் என்று கத்த வாயைத் திறந்தேன்.

ஒரு கை கம்பியிலிருந்து வழுக்கியது. மறுபடி பிடித்தார்.

"எறங்குண்ணே" என்று கேட்டது.

மாறன் எழுந்து நின்றிருந்தான். சிவக்குமார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். "எறங்குண்ணே! லோடு ஒக்காந்துருச்சு. எறங்குண்ணே!" என்று குடோனில் கத்துவதுபோல் கத்தினான். கத்திக்கொண்டே ஓடிவந்து இவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தாங்கினான். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தோம்.

அதிகாரி பேனாவை எடுத்தார். "இவர ஏறச் சொன்னது யாரு?"

"நான்தான் மேடம்" என்றான் மாறன். இவர் பக்கத்திலேயே நின்றான், எதிர்ப் பக்கம் போகவில்லை. "ரெண்டு ரெண்டாத் தூக்கு, பூமியப் பின்னாடி ஏத்துன்னு எனக்குச் சொன்னது அவரு." சிவக்குமாரைக் கையை நீட்டிக் காட்டினான். "இன்னைக்கு நேத்து இல்ல மேடம், மூணு வருசமா."

"என்ன பேசுறன்னு தெரிஞ்சு பேசு" என்றார் கம்பெனி வக்கீல். "உனக்கு லைசென்ஸே கெடையாது. ஆள ஏத்திக்கிட்டு ஓட்டுனத நீயே ஒத்துக்கிற. இதோட போகாது, போலீஸ் கேஸு ஆகும்."

"தெரியும் சார்" என்றான். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. நான்கு மாதமாக நான் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்த முகம் அது. அதை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதிகாரி எழுதி முடித்துவிட்டுப் படித்தார். "மனுதாரர் வாகனத்தின் பின்புறம் எடைக்காக ஏறி நின்றிருந்தபோது..." அங்கே நிறுத்தினார். என்னமோ யோசித்தார். 'ஏறி நின்றிருந்தபோது' என்பதை அடித்துவிட்டு, மேலே 'ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தபோது' என்று எழுதி, அதைப் படித்தார். பிரதீபா என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் ஆடியிலிருந்து அலைந்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி மேலே படித்தார். "மேற்படி மாறன் என்பவர் உரிமம் இன்றி, அளவுக்கு மீறிய எடையுடன் வாகனத்தை ஓட்டியபோது..."

"மேடம்" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "அதையும் மாத்துங்க."

"எதம்மா?"

"இவர ஏத்தி நிறுத்துனாங்கன்னு எழுதுனீங்கள்ல. அவன மட்டும் ஓட்டுனான்னு எழுதுறீங்களே. அவனா ஓட்டல மேடம். ஓட்டச் சொன்னாங்க."

"அவர் மேல என்ன நடவடிக்கைங்கறது போலீஸ் விஷயம். இங்க வராது."

"போலீஸும் இந்தக் காகிதத்தத்தானே மேடம் படிப்பாங்க? ஒரு வார்த்த தப்பா எழுதுனதுக்கு நாங்க பட்டதே போதும்."

கம்பெனி வக்கீல் ஆட்சேபம் என்றார். அதிகாரி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு குனிந்து, 'ஓட்டியபோது' என்பதை அடித்தார். 'சூப்பர்வைசரின் உத்தரவின்பேரில் ஓட்டவைக்கப்பட்டபோது' என்று மெதுவாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். காகிதத்தை மாறன் பக்கம் திருப்பி வைத்தார்.

மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடத்தது. அவன் பேனாவை எடுத்தான். நான் போய்க் காகிதத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"போடு தம்பி" என்றேன்.

மாறன் கையெழுத்துப் போட்டான்.